ஆறியதும் மாறியதும்

நெல் அவித்து இறக்கும்போது அண்டா சரிந்து என் சித்தியின் முன்கை வெந்துவிட்டது. ஒரத்தநாடு பக்கம் கிராமம், தை மாதம். ஓடி வந்தவர்கள் இட்லி மாவை அள்ளி அப்பினார்கள். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்டச் சொல்ல அங்கே யாருமில்லை. காவிரி டெல்டாவில் தீக்காயம் என்றால் 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் போன 94 குழந்தைகள்தான் நினைவுக்கு வருவார்கள். அடுப்படிச் சூடுகள் பேச்சில் வருவதே இல்லை.

3 வாரத்துக்கு மேல் இழுக்கும் தீப்புண் பெரும்பாலும் தடித்த தழும்பில்தான் போய் முடியும். சித்திக்கு நாலாவது வாரமே மேடிட்டுச் சிவந்து அரிக்கத் தொடங்கியது. மெடிக்கலில் யாரோ சொல்லி தழும்பின் மேல் ஒட்டும் சிலிகான் ஷீட் வாங்கி வந்தார். பொருக்கு உதிர்ந்துவிட்டது, ஆறிவிட்டது என்று ஒட்டிக்கொண்டார். ஓரத்தில் காசளவு இடம் கசிந்துகொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ஷீட்டுக்கடியில் நசநசப்பும் நாற்றமும்.

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்களுக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கும் கொதி எண்ணெய் பட்டுக் கையில் இதே கதை. அவர் சொன்னது: "காயம் வடிவா மாறினாப் பிறகுதான் ஷீற் ஒட்டினனான்." நாம் புண் ஆறியது என்கிறோம், யாழ்ப்பாணத்தில் காயம் மாறியது என்கிறார்கள். ஆறுவதற்குச் சூடு தணிந்தாலே போதும் போலிருக்கிறது. மாறுவதற்கோ புதுத் தோல் முழுக்க மூடியிருக்க வேண்டும். கசிவு, பொருக்கு, தையல் எதுவும் இருக்கக் கூடாது. இந்த ஷீட்டுக்குப் பொருந்துவது அவர்களுடைய சொல்தான்.

அந்த அக்காவுக்கு அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் கொப்பியில் எழுதிக் கொடுத்து, பாமசியில் வாங்கச் சொன்னார்களாம். சில கிழமைக்கு ஒருமுறை கொப்பியோடு போய்க் காட்டியிருக்கிறார். தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டால் நமக்கும் பார்க்கத்தான் போகிறார்கள். ஆனால் புண் மூடியதோடு வைத்தியம் முடிந்தது என்பது நம் கணக்கு. தழும்புக்கென்று பஸ் ஏறுவோர் குறைவு.

இலங்கையில் சூட்டுக் காயத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு. கவிழ்ந்த மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குகளால் வெந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்துச் சலித்த அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, மார்மைட் போத்தலைப் பார்த்து, குட்டையான, கனமான, உருளாத விளக்கு ஒன்றை வடிவமைத்தார். 1998-ல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. தழும்பே விழாமல் தடுத்த வைத்தியம் என்று அதைத்தான் சொல்வேன். நம் பக்கம் நெல் அவிக்கும் அண்டாவுக்கு இன்னும் அப்படியொருவர் வரவில்லை.

சிலிகான் தீக்காயத் தழும்புக்கு வந்த கதை ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து தொடங்குகிறது. 1983-ல் அங்கிருந்துதான் அதைப் பற்றிய முதல் கட்டுரை வெளிவந்தது. மருந்து எதுவும் தோலுக்குள் இறங்குவதில்லை. மேல்தோலின் ஈரம் ஆவியாகாமல் மூடிவைப்பதுதான் அதன் வேலை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் மதிப்பீடுகள் சான்று பலவீனம் என்றே சொல்கின்றன; 3 மாதத்தில் தழும்பு மாயமாகும் என்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம். காயத்தின் எல்லையைத் தாண்டிப் படரும் கீலாய்டுக்கு இது மட்டும் போதவும் போதாது, தோல் மருத்துவரின் ஊசி தேவைப்படலாம்.

நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல், 2, 3 மாதமாவது ஒட்ட வேண்டும் என்பது பொதுவான விதி. குளிர்நாட்டில் சரி. நம் புழுக்கத்திலும் யாழ்ப்பாணத்து வெயிலிலும் முதல் நாளே அப்படி ஒட்டினால் வேர்க்குருதான் மிச்சம். கோண்டாவில் அக்கா முதலில் தினம் 4 மணி நேரம் ஒட்டி, பிறகு மெல்லக் கூட்டினார். காலையும் மாலையும் கழற்றி, ஷீட்டையும் கையையும் சாதாரண சோப்பில் கழுவி, நன்றாக உலர்ந்த பின்தான் மறுபடி ஒட்டுவார். எண்ணெயோ களிம்போ அடியில் தடவுவதில்லை, தடவினால் பிடிக்காது. சொறி வந்தால் அது அடங்கும்வரை நிறுத்தம். தழும்பைவிட ஒரு விரல்கடை கூடுதலாக வெட்டிக்கொள்ளச் சொன்னதும் அவர்தான்.

சித்தி பங்குனியில், தோல் முழுதாக மூடிய பிறகு, மறுபடி ஆரம்பித்தார். குறுவை நடவு வந்ததும் பகலில் ஷீட் நிற்கவில்லை. சேற்றில் கைவிட்டால் ஓரம் பிய்ந்துவிடும். விடிகாலையில் கழுவி டப்பாவில் போட்டுவிட்டு வயலுக்குப் போவார், அந்தி சாய்ந்ததும் எடுத்து ஒட்டிக்கொள்வார். தடிப்பு ஓரளவு தணிந்திருக்கிறது, நிறம் இன்னும் ஒட்டவில்லை. ராத்திரி அரிப்பில்லாமல் தூங்குகிறார்.