எமக்குச் சாதகமான பொய்

2020 டிசம்பரில் ஓர் இரவு, வட்ஸ்அப்பில் எனக்கு வந்த ஒரு செய்தியை முப்பது நாற்பது பேருக்கு அனுப்பிவைத்தேன். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவரின் படம். அதன் கீழே பத்து வரி: கொவிட் தொற்றினால் இறந்தவரைப் புதைப்பதால் எந்தத் தீங்கும் இல்லையென்று அவர் தமது ஆய்வுகூடத்தில் நிரூபித்துவிட்டாராம். பிறந்து இருபது நாளேயான ஒரு பிள்ளையின் ஜனாஸா எரிக்கப்பட்ட செய்தி வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. பொரளை கனத்தையில் மக்கள் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த மனநிலையில் யார் நின்று நிதானித்து வாசிப்பது? வாசித்தேன், கண் கலங்கியது, அனுப்பினேன்.

மறுநாள் காலை, என்னோடு பதினேழு வருடம் ஒரே பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்த சிங்கள நண்பர் அழைப்பெடுத்தார். எரிப்பது அநியாயம் என்று தன் சொந்தக்காரர்களோடு வாதாடிக்கொண்டிருந்த மனிதர் அவர். "மாஸ்டர், நீங்க அனுப்பினத வச்சு எங்கட ஆக்களோட கதைக்கலாம் எண்டு பார்த்தன். இவர் எந்த யூனிவர்சிட்டி?" என்று கேட்டார்.

தேடினேன். செய்தியில் இருந்த பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் அந்தப் பெயரில் ஒருவரும் இல்லை. படத்தைத் தேடுபொறியில் போட்டுப் பார்த்தால், அது வேறு நாட்டில், பல வருடங்களுக்கு முன் எடுக்கப்பட்ட வேறொருவரின் படம். வெட்கத்தோடு நண்பரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நல்ல வேளை, நான் காட்டல்ல. காட்டியிருந்தா, நீங்க சொல்ற மத்த உண்மையையும் நம்பியிருக்க மாட்டாங்க" என்றார்.

கவிதை, கதைகளில் ஒரு சொல் பிசகினாலும் பிடித்துக்கொள்கிறவன் என்று இந்தச் சஞ்சிகையின் வாசகர்கள் சிலர் என்னைப்பற்றிக் குறைப்படுவதுண்டு. அந்தக் கண் அன்றிரவு எங்கே போயிருந்தது என்பதுதான் இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் எமக்கெதிராக வைக்கப்பட்ட கூற்றையே ஒரு பிரதியாக எடுத்து வாசிப்போம். 2020 மார்ச் இறுதியில் சுகாதார அமைச்சு வெளியிட்ட வழிகாட்டலில் அடக்கம், தகனம் இரண்டுக்கும் இடமிருந்தது. சில நாட்களில் அது தகனம் மட்டும் என்று மாறியது. ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி அதைச் சட்டமாக்கியது. சொல்லப்பட்ட காரணம், புதைத்தால் வைரஸ் நிலத்தடி நீரில் கலந்துவிடலாம் என்பது.

"கலந்துவிடலாம்" என்ற அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது நான்கு கூற்றுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, இறந்த உடலுக்குள் வைரஸ் தொற்றவைக்கும் நிலையில் நீண்ட நாள் இருக்க வேண்டும். இரண்டு, உடலைச் சுற்றியுள்ள உறையையும் மண்ணையும் தாண்டி அது வெளியே வர வேண்டும். மூன்று, நிலத்தடி நீரை அடையும்வரை அது அழியாதிருக்க வேண்டும். நான்கு, அந்த நீரைக் குடித்தவருக்கு, பிரதானமாகச் சுவாசத்தினூடாகத் தொற்றுகிற ஒரு நோய் குடிநீரினூடாகத் தொற்ற வேண்டும். ஒரு படி இல்லாவிட்டாலும் ஏணி நிற்காது. இந்த நான்கில் ஒன்றுக்கேனும் பொதுமக்கள் வாசிக்கத்தக்க ஆய்வொன்று எம்முன் வைக்கப்படவில்லை.

இன்னுமொன்றையும் கேட்டிருக்கலாம். அதே காலத்தில் உயிரோடிருந்த ஆயிரக்கணக்கான நோயாளிகளின் கழிவு, நாடு முழுக்க மலசலகூடக் குழிகளுக்குள்தான் போய்க்கொண்டிருந்தது. நிலத்தடி நீருக்கு ஆபத்தென்றால், நாளாந்தம் சேரும் அந்தக் குழிகளைப் பற்றியல்லவா முதலில் பயந்திருக்க வேண்டும்? கபுறைப் பற்றிப் பயந்தவர்கள் குழியைப் பற்றிப் பேசவில்லை. ஒரு வாதம் தனக்கு வேண்டிய இடத்தில் மட்டும் நடக்கிறதா, போக வேண்டிய இடமெல்லாம் போகிறதா என்று பார்ப்பது இலக்கிய விமர்சகனுக்கும் தெரிந்த சோதனைதான்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் இந்த வைரஸைப் பற்றி உலகுக்கே அதிகம் தெரியாது. அந்நேரம் ஓர் அதிகாரி பயந்து முடிவெடுத்தார் என்றால் அதை நான் விளங்கிக்கொள்வேன். ஆனால் அதே மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல் இரு முறைகளையும் ஏற்றிருந்தது; தொற்றுநோயால் இறந்தவரை எரித்தே ஆக வேண்டும் என்பது தவறான நம்பிக்கை என்றும் சொல்லியிருந்தது. மாதங்கள் போயின, உலகின் பெரும்பாலான நாடுகள் அடக்கிக்கொண்டிருந்தன. முன்னெச்சரிக்கை என்பது தெரியாத காலத்துக்கான மருந்து. தெரிந்த பிறகும் அதைக் கொடுத்துக்கொண்டிருந்தால், அதுவும் அதன் கசப்பு முழுவதும் ஒரே சமூகத்தின் வாயில் விழும்போது, கொடுப்பவர் காட்ட வேண்டிய ஆதாரம் கூட வேண்டும், குறையக் கூடாது.

"அவங்களுக்கும் பேராசிரியர் இருக்கு, எங்களுக்கும் பேராசிரியர் இருக்கு, நாங்க யார நம்புற?" என்று அப்போது பள்ளியில் ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. விஞ்ஞானம் படிக்காத ஒருவர் பட்டங்களை எண்ணிப் பார்த்து முடிவெடுக்க முடியாது. ஆனால் வேறு சிலதைப் பார்க்கலாம். பேசுகிறவரின் துறை இதுதானா? ஹொங்கொங்கில் பணியாற்றும் இலங்கையரான மலிக் பீரிஸ், 2003இல் சார்ஸ் நோய்க்குக் காரணமான வைரஸை அடையாளங்கண்டவர்களில் முக்கியமானவர். கொரோனா வைரஸ்கள் அவருடைய வாழ்நாள் வேலை. இது நீரால் பரவும் நோயல்ல என்றும், வைரஸ் உயிருள்ள கலத்துக்குள் மட்டுமே பெருகும் என்றும் அவர் காரணத்தோடு சொன்னார். அடுத்தது, அந்தத் துறையில் உள்ள மற்றவர்கள், ஒருவரையொருவர் கேட்காமலே அதே முடிவுக்கு வருகிறார்களா? 2020 டிசம்பர் இறுதியில் அமைச்சே நியமித்த நிபுணர் குழு இரு முறைகளுக்கும் இடம் கொடுக்கலாம் என்றது. சமூக மருத்துவ நிபுணர்களின் கல்லூரியும் இலங்கை மருத்துவச் சங்கமும் அதே கருத்தைத்தான் சொல்லின. அவர்களில் பெரும்பாலானோர் எமது சமூகத்தவர் அல்லர் என்பதையும் கவனியுங்கள்.

அதன் பின்னும் 2021 பெப்ரவரி 25ஆம் திகதிய வர்த்தமானி வரும்வரை எரிப்பு நிற்கவில்லை. மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. டிசம்பருக்கும் பெப்ரவரிக்கும் இடையில் வைரஸ் மாறவில்லை, மண் மாறவில்லை. ஆகவே அந்த முடிவை அவ்வளவு காலம் தாங்கி நின்றது விஞ்ஞானம் அல்ல என்று நாம் தாராளமாகச் சொல்லலாம்.

இதுவரை எழுதியதை வாசித்துவிட்டு "சரியாச் சொன்னீங்க" என்று தலையாட்டுவது எமக்கு இலேசு. கஷ்டமானது இனித்தான் வருகிறது.

2018 பெப்ரவரியில் அம்பாறையில் சாப்பாட்டுக் கடையொன்றில், கறியில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, மலட்டு மருந்து கலக்கிறார்கள் என்றார்கள். காணொளி கைத்தொலைபேசிகளில் ஓடியது. அந்த இரவே கடைகளும் பள்ளியும் தாக்கப்பட்டன. பிறகு அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் சோதித்ததில் அது வெறும் மாப்பொருள் என்று தெரிந்தது. அந்தக் காணொளியை அனுப்பிய ஆயிரக்கணக்கானோரில் அநேகர் கெட்டவர்கள் அல்லர் என்றுதான் நான் நினைக்கிறேன். தங்கள் பிள்ளைகளுக்குப் பயந்தவர்கள். ஏற்கனவே மனதில் இருந்த பயத்துக்குப் பொருந்திய ஒன்று கைக்கு வந்தது, அனுப்பினார்கள். 2020 டிசம்பர் இரவில் நான் செய்ததும் அதைத்தான். விளைவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. செய்த காரியத்தில் வித்தியாசம் இல்லை.

"எங்கட முடிவு சரிதானே, காரணம் பிழையா இருந்தா என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. எமது முடிவு சரிதான். ஆனால் சரியான முடிவுக்குப் பொய்ச் சாட்சி கொண்டுபோகிறவனை எந்த நீதிமன்றத்திலும் மதிக்க மாட்டார்கள். அவனது மெய்ச் சாட்சியும் சேர்ந்தே விழும். என் நண்பர் சொன்னது அதுதான்.

செய்தி கொண்டுவருபவனைத் தீர விசாரிக்கும்படி ஹுஜுராத் அத்தியாயம் எமக்குக் கட்டளையிடுகிறது. ஹதீஸ் கலையை வளர்த்தவர்கள் இதை ஒரு பெரும் அறிவுத்துறையாகவே ஆக்கினார்கள். யார் சொன்னார், யாரிடமிருந்து கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா, அவருடைய ஞாபகசக்தி எப்படி என்று ஒவ்வொரு அறிவிப்பாளரையும் எடை போட்டார்கள். சனத் அறுந்த செய்தியைத் தனியாக எடுத்து வைத்தார்கள். அதைப் பெருமையாகப் பேசும் நாம், "ஃபோர்வர்ட்" என்ற ஒற்றைச் சொல்லைத் தவிர வேறு சனதே இல்லாத செய்தியைப் பஜ்ர் தொழுத கையோடு அனுப்பிவைக்கிறோம்.

ஆனாலும் இந்த ஒப்பீட்டை ஓர் எல்லைக்கு மேல் இழுக்கக் கூடாது. விஞ்ஞானத்தில் அறிவிப்பாளர் நம்பகமானவராக இருப்பது மட்டும் போதாது. 2020 மே 22இல், உலகின் மதிப்புமிக்க மருத்துவச் சஞ்சிகையான லான்செட், சுமார் 96,000 நோயாளிகளின் தரவு என்று சொல்லி, ஹைட்ரொக்சிகுளோரோகுவின் மருந்து பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. உலக சுகாதார ஸ்தாபனம் அதை நம்பித் தனது பரிசோதனையின் அந்தப் பகுதியை நிறுத்தி வைத்தது. வெளியிலிருந்த ஆய்வாளர்கள் தரவைக் காட்டும்படி கேட்டார்கள். தரவைக் கொடுத்த கம்பனி காட்டவில்லை. ஜூன் 4இல் கட்டுரை மீளப்பெறப்பட்டது. பதின்மூன்று நாள்! தடுப்பூசியையும் ஓட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட வேக்ஃபீல்டின் 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை மீளப்பெற அதே சஞ்சிகைக்கு 2010 வரை, பன்னிரண்டு வருடம் சென்றது. அதில் இருந்தது பன்னிரண்டே பிள்ளைகள். பின்னர் டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில் அப்படியொரு தொடர்பு தெரியவில்லை.

பெரிய பெயரும் தவறும் என்பது இதில் முதல் பாடம். "அப்ப ஒண்டையும் நம்பேலாது" என்று கையை விரிப்பது அந்தப் பாடத்தைப் பிழையாகப் படிப்பது. தவறைத் திருத்தும் வழி உள்ள இடம் எது, இல்லாத இடம் எது என்று பார்க்க வேண்டும். லான்செட் தனது பிழையைத் தன் பெயரிலேயே அறிவித்தது. எனக்கு வந்த பத்து வரியைத் திருத்தி அறிவிக்க ஒருவரும் இல்லை. அது இன்றைக்கும் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கலாம்.

கடைசியாக, எமது மனதுக்கு மிக நெருக்கமான ஓர் உதாரணம். தேனும் கருஞ்சீரகமும் கொவிட்டைக் குணப்படுத்துமென்று பாகிஸ்தானில் நிரூபித்துவிட்டதாக ஒரு செய்தி வந்தது. இதற்குச் சனத் இருந்தது. பாகிஸ்தானில் 313 நோயாளிகளைக் கொண்டு உண்மையாகவே ஒரு பரிசோதனை நடந்தது; நல்ல விளைவு கிடைத்ததாகவும் எழுதினார்கள். ஆனால் செய்தி சுற்றியபோது அது வேறு நிபுணர்கள் பரிசீலிக்காத முன்வரைவு. நாம் மகிழ்ந்து, அடுத்த வினாவைக் கேட்டிருக்க வேண்டும்: வேறு இடத்தில், வேறு ஆட்கள், கூடுதலான நோயாளிகளோடு செய்தபோதும் இதே விளைவு வந்ததா? இதைக் கேட்பது ஈமானில் குறை என்று சிலர் நினைக்கிறார்கள். கருஞ்சீரகத்தின் மீதுள்ள எமது நம்பிக்கைக்கு அந்த 313 பேரின் சாட்சி தேவைப்படவில்லை. தேவைப்படாத இடத்துக்கு விஞ்ஞானத்தைக் கூட்டிக்கொண்டு போனால், நாளை அடுத்த பரிசோதனையில் விளைவு மாறும்போது என்ன சொல்வோம்?

எங்கள் குடும்பக் குழுவில் போன மாதம் மச்சான் ஒருவர் ஒரு குரல்பதிவு போட்டார். நீரிழிவுக்கு மாத்திரையே தேவையில்லை, ஒரு இலையை அவித்துக் குடித்தால் போதுமென்று ஒரு "டொக்டர்" பேசுகிறார். ராத்தா பதினைந்து வருடமாக மாத்திரை எடுக்கிறவர். "மச்சான், இந்த டொக்டர் எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டு எழுதினேன். "தெரியா, எனக்கும் வந்தது" என்றார். "தெரியாட்டி அழிச்சிருங்களேன், ராத்தா கேட்டுட்டு மாத்திரைய நிப்பாட்டிருவா" என்றேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் அழித்துவிட்டார்.

ராத்தா அதைக் கேட்டிருந்தார். அன்றிரவு அழைப்பெடுத்து, "தம்பி, அப்ப நான் மாத்திரைய போடவா?" என்று கேட்டார். போடச் சொன்னேன். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அந்த இலையின் பெயரை டொக்டரிடம் கேட்கவும் சொன்னேன்.