துரையும் துபாஷியும்

பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தைப் பற்றிய சரித்திர நூல்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கணக்கு உதைக்கும். இந்தியாவை ஆண்ட ஐ.சி.எஸ். உத்தியோகஸ்தர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். ஆளப்பட்டவர்களோ 1901-ஆம் வருஷ ஜனக் கணக்குப்படியே சுமார் 30 கோடிப் பேர். பட்டாளம் இருந்ததே, பீரங்கி இருந்ததே என்று கேட்கலாம். பீரங்கி ஓர் ஊரைப் பிடித்துக் கொடுக்கும். பிடித்த ஊரில் வரி வசூலிக்கவும், சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கவும், துரை பேசுவதை ஜனங்களுக்கும் ஜனங்கள் பேசுவதைத் துரைக்கும் எடுத்துச் சொல்லவும் பீரங்கிக்குத் தெரியாது. அதற்கு ஓர் ஆள் வேண்டும். அவன் நிறத்தில் துரையாக இருக்கக்கூடாது. ஆசையில் கொஞ்சம் துரையாக இருக்கவேண்டும்.

நம் பக்கத்தில் அவனுக்குத் துபாஷி என்று பெயர். இரண்டு பாஷை தெரிந்தவன். இந்தத் துபாஷியை வைத்துத்தான் சாம்ராஜ்யம் கிடைத்தது, நிலைத்தது. அவன் கைவிட்டபோது போயிற்று என்பது என் எண்ணம். சரித்திரக்காரர்கள் அவனுக்கு ஒரு பாராவுக்கு மேல் ஒதுக்குவதில்லை. நாவலாசிரியர்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். அவனை அவர்கள் எப்படி நடத்தியிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக மூன்று நாவல்களை மறுபடி எடுத்துப் படித்தேன்.

முதலாவது, நைஜீரியாவின் சினுவா அச்சிபி 1958-இல் வெளியிட்ட 'திங்ஸ் ஃபால் அபார்ட்'. சாம்ராஜ்யம் ஒரு கிராமத்துக்குள் நுழைகிற கதை. முதலில் பாதிரி வருகிறார். அவர் பின்னால் கோர்ட்டு வருகிறது. கோர்ட்டுக்குப் பின்னால் ஜெயில். உமுவோபியா கிராமத்தின் ஆறு பெரியவர்களைப் பேச்சுவார்த்தைக்கு என்று கூப்பிட்டு விலங்கு மாட்டிவிடுகிறார் ஜில்லாக் கமிஷனர். அபராதம் 200 மூட்டை சோழி. கோர்ட்டுச் சேவகர்கள் ஊரில் போய் 250 மூட்டை என்று சொல்கிறார்கள். மிச்சம் ஐம்பது யாருக்கு என்று வாசகருக்குச் சொல்லவேண்டியதில்லை. அந்நிய ஆட்சி எப்படி வேரூன்றியது என்பதை விளக்க இந்த ஐம்பது மூட்டை போதும். துரைக்கு ஊர் தெரியாது. ஊருக்குத் துரையின் பாஷை தெரியாது. நடுவில் நிற்பவனுக்கு இந்த இரண்டு அறியாமையும்தான் மூலதனம்.

அச்சிபி கதையை முடிக்கிற விதம் ஈவிரக்கமற்றது. நாயகன் ஒகோங்க்வோ தூக்கு மாட்டிக்கொண்டு தொங்குகிறான். கமிஷனர் தாம் எழுதப்போகிற புத்தகத்தில் இந்த மனிதனுக்கு ஒரு பாரா ஒதுக்கலாம் என்று யோசித்துக்கொண்டே போகிறார். ஒரு முழு நாவலாக நாம் வாழ்ந்து பார்த்த வாழ்வு, துரையின் கணக்கில் ஒரு பாரா! ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. அந்தச் சேவகர்களுக்கு அச்சிபியும் ஒரு பாராதான் கொடுக்கிறார். அவர்கள் வேறு ஊர்க்காரர்கள், சாம்பல் நிற அரைக்கால்சட்டை போட்டவர்கள், அடிப்பவர்கள், அவ்வளவுதான். அவர்களுக்கு வீடு உண்டா, பெண்டாட்டி பிள்ளை உண்டா, இராத்திரியில் தூக்கம் வருமா என்று அவர் கேட்கவில்லை.

இரண்டாவது, ஜார்ஜ் ஆர்வெல்லின் 'பர்மீஸ் டேஸ்'. பர்மாவை ஆங்கிலேயர் 1826, 1852, 1885 என்று மூன்று கடியாகக் கடித்து விழுங்கினார்கள். ஆர்வெல் அங்கே 1922 முதல் 1927 வரை போலீஸ் அதிகாரியாக இருந்தவர். நாவல் 1934-இல் முதலில் அமெரிக்காவில்தான் அச்சாயிற்று. மானநஷ்ட வழக்குக்குப் பயந்து இங்கிலாந்துப் பதிப்பாளர் மறு வருஷம் சில மாற்றங்களோடு போட்டார். அந்தப் பயத்திலிருந்தே அது எவ்வளவு உண்மையான புத்தகம் என்று தெரிந்துகொள்ளலாம்.

சாம்ராஜ்யத்தை எப்படிக் கட்டிக் காத்தார்கள் என்பதற்கு இந்த நாவலின் கதைமுடிச்சு நல்ல உதாரணம். வெள்ளைக்காரர்களின் கிளப்பில் உள்ளூர்க்காரர் ஒருவரை அங்கத்தினராகச் சேர்க்கவேண்டும் என்று உத்தரவு வருகிறது. அந்த ஒரு நாற்காலிக்காக இரண்டு பேர் மோதுகிறார்கள். ஒருவர் பர்மாக்கார மாஜிஸ்திரேட் ஊ போ சின். மற்றவர் இந்திய டாக்டர் வீராசாமி. பெயரைப் பார்த்தாலே நம் தெற்கத்திச் சீமைக்காரர் என்று தெரிகிறது. கதாநாயகனான வெள்ளைக்காரன் சாம்ராஜ்யத்தைத் திட்டுகிறான். டாக்டர் அதற்குப் பரிந்து பேசுகிறார்! சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் சிரித்த பிறகு எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கச்சேரியிலும் ரயில்வேயிலும் துரைமார்களிடம் நற்சாட்சிப் பத்திரம் வாங்கிக் கண்ணாடி போட்டு மாட்டிவைத்த தாத்தாக்கள் நம் வீடுகளில் இருந்திருக்கிறார்கள். வீராசாமியைப் பார்த்து நாம் அந்நியர் போலச் சிரித்துவிட முடியாது.

ஆர்வெல் கொடுத்த சித்திரத்தில் ஓர் இடம் அற்புதமானது. சிறு பையனான ஊ போ சின், ஆங்கிலேயப் பட்டாளம் மாந்தலேக்குள் அணிவகுத்து நுழைவதைப் பார்க்கிறான். இவர்களை எதிர்த்து நிற்க நம்மவர்களால் ஆகாது, இவர்களோடு ஒட்டிக்கொள்வதுதான் பிழைக்கும் வழி என்று அந்த வயதிலேயே முடிவு கட்டுகிறான். ஒரு துபாஷி பிறக்கும் கணம் அது. அதைப் பிடித்த ஆசிரியர் அப்புறம் அவனைக் கைவிட்டுவிடுகிறார். அவன் கொழுத்த வில்லனாகி மொட்டைக் கடிதம் எழுதிக்கொண்டு திரிகிறான்; டாக்டர் கோமாளியாகிறார். அகத்தைத் திறந்து காட்டும் சலுகை வெள்ளைக்காரனுக்கே முக்கால்வாசியும் போய்விடுகிறது. சாம்ராஜ்யத்தை வெறுத்த ஆர்வெல்லும் அதன் கிளப்பு ஜன்னல் வழியாகத்தான் ஊரைப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்றாவது, கென்யாவின் கூகி வா தியாங்கோ 1967-இல் வெளியிட்ட 'எ கிரெய்ன் ஆஃப் வீட்'. சாம்ராஜ்யம் கழன்றுகொள்ளும் கதை. 1963 டிசம்பர் 12-ஆம் தேதி சுதந்திரம். அதற்கு முந்தைய சில நாட்களில் தபாய் என்ற கிராமத்தில் யாருக்கும் நிம்மதியில்லை. 1952-இல் அவசர நிலைப் பிரகடனம் வந்ததிலிருந்து யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள் என்ற கேள்வி ஒவ்வொரு குடிசையிலும் படுத்திருக்கிறது. ஊர் முழுதும் தியாகி என்று கொண்டாடும் மூகோவின் மனத்தில் இருப்பதைச் சொல்லிப் புதிய வாசகரின் சுவையைக் கெடுக்க நான் விரும்பவில்லை. எனக்கு வேண்டியவன் கரஞ்சா.

கரஞ்சா சர்க்காரின் ஊர்க்காவல் படையில் சேர்ந்தவன். முகமூடிச் சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு, வரிசையாக வரும் தன் ஊராரில் இன்னார் கலகக்காரர் என்று தலையாட்டிக் காட்டியவன். சாக்கின் இரண்டு ஓட்டைகள் வழியாக உலகத்தைப் பார்த்தவன். வேறு எந்த ஆசிரியரும் இவனை நாலு வரியில் துரோகி என்று முடித்திருப்பார். கூகி அவன் மனத்துக்குள் போகிறார். அவன் காதலித்த பெண் வேறொருவனை மணந்தாள். அந்தக் கணவன் சிறைக்காம்பில் இருக்கும்போது அவளருகில் இருக்கவேண்டும் என்ற ஆசை, உயிர்ப் பயம், துப்பாக்கி கையிலிருந்தால் வரும் ஒரு மிதப்பு, எல்லாம் சேர்ந்து அவனைச் சாக்குக்குள் தள்ளுகின்றன. துரை ஊருக்குப் போய்விடப் போகிறார் என்ற செய்தி அவன் வயிற்றைக் கலக்குகிறது. துரைக்கு இங்கிலாந்து இருக்கிறது. கரஞ்சாவுக்கு எந்த ஊர் இருக்கிறது?

இந்த நாவலிலும் ஒரு துரை புத்தகம் எழுதத் திட்டமிடுகிறார். அவர் நடத்திய காம்பில் பதினொரு கைதிகள் செத்துப்போகிறார்கள். 1959 மார்ச்சில் ஹோலா என்ற இடத்தில் நிஜமாகவே பதினொரு பேர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். தண்ணீர் குடித்ததால் செத்தார்கள் என்று சர்க்கார் முதலில் அறிக்கை விட்டது. காலனிகளைவிட்டுப் போகும்போது எடுத்துச் சென்று ஒளித்துவைத்த கட்டுக் கட்டான தஸ்தாவேஜுகள் லண்டன் கோர்ட்டு வழக்கு ஒன்றினால் 2011-இல்தான் வெளிப்பட்டன. 2013-இல் பிரிட்டிஷ் அரசு வருத்தம் தெரிவித்து, கென்யர்கள் 5,228 பேருக்காக 1 கோடியே 99 லட்சம் பவுன் கொடுக்க ஒப்புக்கொண்டது. சர்க்கார் தஸ்தாவேஜைப் பூட்டிவைத்திருந்த காலத்தில் கூகி கதையை எழுதி முடித்துவிட்டார். இலக்கியத்தின் உபயோகம் என்ன என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

சாம்ராஜ்யம் போனதற்கு இரண்டாவது உலக யுத்தக் கடன் ஒரு காரணம், காந்திஜியைப் போன்ற தலைவர்கள் ஒரு காரணம், சந்தேகமில்லை. ஆனால் 1946 பிப்ரவரியில் பம்பாயில் கப்பற்படைச் சிப்பாய்கள் கலகம் செய்தபோது, தன் உடுப்பைப் போட்டிருப்பவனே இனி தன் ஆள் இல்லை என்று துரைக்குத் தெரிந்துவிட்டது. நடுவில் நின்றவன் நகர்ந்தால் பாலம் இல்லை.

அப்படியானால் சுதந்திரத்துக்குப் பிறகு அவன் எங்கே போனான்? கூகி அதற்கும் பதில் சொல்கிறார். வெள்ளைக்காரனின் பண்ணையைக் கூட்டாக வாங்க ஊரார் கடன் வசதி கேட்டுத் தங்கள் பார்லிமெண்ட் அங்கத்தினரிடம் போகிறார்கள். அந்தப் பண்ணையைத் தாமே வாங்கிக்கொள்கிறார் அவர்! பழைய ஐம்பது மூட்டைச் சோழிதான், கை மாறியிருக்கிறது. இப்படி எழுதிக்கொண்டிருந்த கூகியை 1977-இன் கடைசியில் சுதந்திர கென்யாவின் சர்க்காரே ஜெயிலில் போட்டது. அங்கேதான் அவர் மலம் துடைக்கும் காகிதத்தில், ஆங்கிலத்தை விட்டுத் தம் தாய்மொழியான கிகூயுவில் நாவல் எழுதினார்.

மூன்றில் கூகியின் நாவலே உயர்ந்தது என்று நான் சொல்வது இதனால்தான். அச்சிபி அதிகக் கட்டுக்கோப்பானவர். ஆர்வெல்லின் நடை அதிகக் கூர்மை. ஆனால் துரையை வெறுக்கவும் தியாகியை வணங்கவும் பெரிய கலைஞன் தேவையில்லை. மேடைப் பேச்சாளரே போதும். சாக்குக்குள் இருந்த முகத்தைப் பார்க்கத்தான் கலைஞன் வேண்டும். நம் சுதந்திரப் போராட்ட நாவல்களில் தியாகிகள் நிறைய வருகிறார்கள். அவர்கள்மேல் தடியை ஓங்கிய ஏட்டையாவும், 'ரிப்போர்ட்' எழுதிய குமாஸ்தாவும் தமிழ் பேசினவர்களே. மாலையில் வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்தக் குமாஸ்தா என்ன நினைத்தான்? அதை முழுக்கச் சொல்லும் தமிழ் நாவலை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். எழுதக் கூடியவர்கள் அவன் பேரப்பிள்ளைகளாகிய நாம்தான்.