பாட்டரியும் ஒரு கிளாம்ப் மீட்டரும்

காலை வேளையில் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் சுழலாமல் கடகடவென்ற சப்தம் மட்டும் எழுமாயின், அருகிலிருப்போர் யாவரும் ஒருமுகமாகக் கூறும் தீர்ப்பு, "பாட்டரி போய்விட்டது" என்பதே. அந்தத் தீர்ப்பை நம்பி ஐந்து மாதங்களுக்கு முன் புதிய பாட்டரி வாங்கிய நான், மூன்று நாள் வெளியூரில் தங்கித் திரும்பிய பின் அதே சப்தத்தை மீண்டும் கேட்டபோது, இன்னொரு பாட்டரிக்குப் பணம் கொடுப்பதற்கு முன் அளந்து பார்ப்பது என்று நிச்சயித்து, பாட்டரியின் விலையில் ஏறக்குறைய பாதிக்கு ஒரு கிளாம்ப் மீட்டரை வாங்கினேன். ஒரு மாத காலம் அதைக் கையாண்டதில் பிறந்த அபிப்பிராயத்தை இங்கே எழுதுகிறேன்.

இந்தச் சாதனத்தின் விசேஷம் அதன் கவ்வும் வாயில் இருக்கிறது. கம்பியைக் கழற்றாமலே, அதைச் சுற்றி எழும் காந்தப்புலத்தை உணர்ந்து, எத்தனை ஆம்பியர் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை அது தெரிவித்துவிடுகிறது. ஆயினும் மலிவான மாதிரிகளில் பல, வீட்டு மின்சாரமாகிய ஏ.சி.யை மட்டுமே கவ்வி அளப்பவையாதலால், காரில் ஓடும் டி.சி. ஆம்பியரையும் அளக்குமா என்று கேட்டறிந்தே வாங்க வேண்டும்.

முதற்பரீட்சை வோல்ட் அளப்பது. இரவு முழுதும் ஓய்ந்திருந்த பாட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரின் ஊசிகளை வைத்தபோது 12.03 என்று காட்டியது. 1859-இல் காஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கண்ட ஈய-அமில முறையே இன்றும் நம் கார்களில் வழங்குகிறது. அறைக்குச் சுமார் 2.1 வோல்ட் வீதம் ஆறு அறைகள் கொண்ட பாட்டரி நிறைந்திருந்தால் 12.6-க்குக் குறையாது, 12.2 ஆனால் பாதி; 12.0 ஆனால் கால் பங்குக்குச் சமீபம். என்னுடையது காலியாகியிருந்தது என்பது தெளிவு. ஆனால் காலியானது வேறு, கெட்டுப்போனது வேறு. ஆகவே வெளிச் சார்ஜரில் அதை நிரப்பி, எதிர்முனைக் கம்பியைக் கழற்றி ஒரு நாள் முழுவதும் தனியே விட்டேன். மறுநாள் 12.64 காட்டிற்று. நிறைத்ததைச் சிந்தாமல் வைத்திருந்த பாட்டரியின்மேல் இனிச் சந்தேகம் கொள்வதற்கில்லை.

கம்பியை மீண்டும் பூட்டி எஞ்சினைக் கிளப்பினேன். செல்ஃப் ஸ்டார்ட்டர் சுழன்ற தருணத்தில் வோல்ட் எவ்வளவு தாழ்ந்தது என்பதை மீட்டரின் 'MIN' (மிகக் குறைந்த அளவு) பொத்தான் 10.4 என்று பிடித்து வைத்திருந்தது, 9.6-க்குக் கீழே இறங்கினால்தான் கவலை. ஓடும் எஞ்சினில் 14.2, முகப்பு விளக்கையும் குளிர்சாதனத்தையும் போட்ட பிறகும் 13.8. மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றிப் பாட்டரி முனைகளில் வைத்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுமாயின் பாட்டரியை நிரப்பும் ஆல்டர்னேட்டரின் டயோடு பழுதென்று ஐயுறலாம். எனக்குக் கிடைத்ததோ 0.04. ஆல்டர்னேட்டரும் இவ்வாறு குற்றமற்றதாகவே, எஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று: நின்றிருக்கும் வண்டியில் எதுவோ மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருந்தது.

கிளாம்ப் மீட்டர் தன் விலைக்கு ஈடு செய்தது இந்தக் கட்டத்தில்தான். பானெட்டைத் திறந்தபடியே அதன் தாழ்ப்பாளை மட்டும் ஸ்குரூடிரைவரால் அமுக்கிவிட்டு, கதவுகளைப் பூட்டி, வண்டியின் கணினிகள் உறங்கச் சென்றுவிடும்படி 40 நிமிடம் காத்திருந்தேன். பின்னர் எதிர்முனைக் கம்பியைக் கவ்வியபோது 0.42 ஆம்பியர் தெரிந்தது. சாதாரணமாக 0.05-க்கு மேல் போகலாகாது. 0.42 என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் நாளொன்றுக்குப் பத்து ஆம்பியர்-மணி வீதம் மூன்று நாளில் முப்பது கழிந்தால், 45 ஆம்பியர்-மணி கொண்ட என் பாட்டரியில் மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்கே. முதல் நாள் கண்ட 12.03 வோல்ட்டுக்கும் இந்தக் கணக்குக்கும் இருந்த பொருத்தம் எனக்குப் பெரும் திருப்தியளித்தது. ஒவ்வொரு ஃபியூஸாகக் கழற்றிப் பார்த்து வந்தேன், எண் அசையவில்லை. கடைசியில் பாட்டரியின் நேர்முனையருகே பின்னாளில் சேர்க்கப்பட்டிருந்த ஒரு ஃபியூஸைப் பிடுங்கியதும் 0.42 சட்டென்று 0.03 ஆயிற்று. சென்ற ஆண்டு பொருத்திய ஆம்ப்ளிஃபையரை விழிக்கச் செய்யும் மெல்லிய கம்பியை, சாவியை அணைத்தால் அணையும் இணைப்பில் சேர்க்காமல், எப்போதும் மின்சாரம் உள்ள கம்பியில் முறுக்கியிருந்தார்கள். அதை மாற்றியதோடு உபாதை தீர்ந்தது.

குறைகளையும் சொல்லவேண்டும். கவ்வும் முன் ஒவ்வொரு முறையும் ஜீரோ பொத்தானை அமுக்காவிடில், சுற்றுப்புறக் காந்தத்தால் எண் தவறிவிடுகிறது. 0.01 ஆம்பியருக்குக் குறைந்த அளவை இது அறியாது. நண்பகல் வெயிலில் திரை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டரியின் உள்வலிமையை இது சொல்லாது, 12.6 காட்டும் கிழட்டுப் பாட்டரி, செல்ஃபின் சுமை வந்ததும் ஒடுங்கிவிடக்கூடும், அதற்கு லோடு டெஸ்டரே பிரமாணம். சார்ஜைக் கணினி ஆளும் புதிய கார்களில் வோல்ட் ஏறி இறங்குவது இயல்பாதலால், ஒருமுறை தாழக் கண்டதும் ஆல்டர்னேட்டரைப் பழிப்பதும் தகாது.

இக்குறைகளோடும், சொந்தக் காரைத் தாமே பேண விரும்பும் எவருக்கும் இதைச் சிபாரிசு செய்கிறேன். அடிக்கடி அடிவரை காலியாகும் பாட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் இறுகி, அது அகாலத்தில் மாண்டுபோகும். ஐந்து மாதங்களுக்கு முன் நான் கடையில் கொடுத்துவிட்டு வந்த பழைய பாட்டரியும், அந்த ஆம்ப்ளிஃபையர் பொருத்திய பிறகே தளர்ந்தது என்பதை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அன்றே இந்த மீட்டர் கையில் இருந்திருந்தால், அது இன்றும் என் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருக்கக்கூடும்.