பிரம்மாஸ்திரமும் சணல் கயிறும்

சுந்தர காண்டத்தில் ஒரு சின்ன டெக்னிக்கல் பிரச்னை வரும். உபன்யாசத்தில் கேட்டிருப்பீர்கள். அசோக வனத்தை அனுமன் துவம்சம் பண்ணிக்கொண்டிருக்கிறார். இந்திரஜித் வந்து பிரம்மாஸ்திரம் போடுகிறான். அனுமன் கட்டுண்டு விழுகிறார். அதோடு விட்டிருக்கலாம். கூட வந்த ராட்சசர்கள், எதற்கும் இருக்கட்டும் என்று சணல் கயிற்றையும் மரப்பட்டையையும் கொண்டுவந்து இறுக்கிக் கட்டுகிறார்கள். அவ்வளவுதான், பிரம்மாஸ்திரம் கழன்றுகொள்கிறது. வேறொரு கட்டு விழுந்த இடத்தில் அது நிற்காது. அதுதான் அதன் ரூல். மறுபடி போடவும் வழியில்லை. இந்திரஜித்துக்கு விஷயம் புரிந்து, 'போச்சுடா' என்று ஆகிவிடுகிறது. அனுமனுக்கும் புரிகிறது. ஆனால், ராவணனை நேரில் பார்க்க வேண்டுமே! கட்டுண்ட மாதிரியே இருந்துவிடுகிறார்.

ஸ்ரீவைஷ்ணவ ஆசாரியர்கள் சரணாகதிக்கு இந்தக் காட்சியைத்தான் உதாரணம் சொல்வார்கள். பெருமாளே கதி என்று விழுந்த பிறகு, பக்கத்தில் ஸ்பேராக இன்னொரு வழியையும் வைத்துக்கொண்டால் முதலாவது நழுவிவிடும். 'இவன் என்னை நம்பவில்லை' என்று அஸ்திரம் கோபித்துக்கொண்டு போகிற மாதிரி. ராமானுஜர் 1017-ல் பிறந்தது ஸ்ரீபெரும்புதூரில். அங்கிருந்து கொஞ்ச தூரம் தள்ளி, ஒரகடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஏறக்குறைய இதே பிரச்னையில் ஒரு உயிர் போனதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பயப்படாதீர்கள், போனது காகிதத்தில் இருந்த உயிர்.

கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நாலு பையன்கள், ஒரு பெண். ஆடியது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-ல் கொண்டுவந்த விளையாட்டு. கம்ப்யூட்டர் வேண்டாம், டி.வி. வேண்டாம். ஒருவர் நடுவர். அவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: வீரன், திருடன், மந்திரவாதி. 'நான் இதைச் செய்கிறேன்' என்று வாயால் சொல்லி, இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். நம்ம கூத்தும் தாயமும் கல்யாணம் பண்ணிக்கொண்டால் பிறக்கிற குழந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். மந்திரவாதிப் பையன், கொள்ளைக்கூட்டத் தலைவனை அசையாமல் நிறுத்தும் மந்திரத்தைப் போட்டு சிலையாக்கிவிட்டான். அந்த தைரியத்தில் அந்தப் பெண்ணின் பாத்திரம் கத்தியோடு கிட்டே போய்விட்டது. அடுத்த சுற்றில் இவன், எதற்கும் இருக்கட்டும் என்று (ஆமாம், அதே வார்த்தைகள்!) தலைவன் மேல் சிலந்தி வலை மந்திரத்தையும் வீசினான். நடுவர் தலையை ஆட்டினார். இரண்டுமே மனதை ஒருமுகப்படுத்திப் பிடித்துவைக்க வேண்டிய மந்திரங்கள். இரண்டாவதைப் போட்ட கணமே முதலாவது கழன்றுவிடும். தலைவனுக்கு உயிர் வந்தது. பகடை அவன் பக்கம் விழுந்ததில் வலையிலும் மாட்டவில்லை. வெட்டினான். அப்புறம் பிழைப்பதற்கான உருட்டல் மூன்று முறையும் அவளுக்குத் தப்பிப்போனது. எட்டு மாதமாக அவள் வளர்த்த பாத்திரம்.

"மந்திரத்தோட விளக்கத்துல அப்படி எழுதலையே!" என்று பையன் கத்தினான். நடுவர் பொறுமையாக வேறொரு அத்தியாயத்தைப் புரட்டிக் காட்டினார். எழுதியிருந்தது. "சரி, போன மாசம் இதையேதானே செஞ்சேன்? அப்ப விட்டீங்களே?" என்றான் அவன். நடுவரிடம் பதில் இல்லை. போன மாதம் அவரும் கவனிக்கவில்லை.

இந்தச் சண்டையைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. கத்திச் சண்டையில் வாசகம் குழப்பமாக இருந்தால் பொது அறிவு கைகொடுக்கும். கத்தி எவ்வளவு தூரம் எட்டும், கையைக் கட்டிப்போட்டால் வீச முடியுமா என்பதெல்லாம் நமக்குத் தெரியும். கையிலிருந்து கிளம்பும் நெருப்பு உருண்டையை யார் பார்த்திருக்கிறார்கள்? அது தூணைச் சுற்றி வளைந்து போகுமா, தண்ணீருக்குள் எரியுமா? புத்தகத்தில் எழுதியிருப்பதுதான் அதன் இயற்பியல், வேதியியல் எல்லாம். ஒரு வார்த்தை இடறினால் அந்த உலகமே இடறும்.

இந்த மந்திரங்களின் பூர்வீகமே பீரங்கிதான் என்பது ஒரு வேடிக்கை. கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971-ல் வெளியிட்ட செயின்மெயில் என்ற பொம்மைப் போர் விளையாட்டில், மந்திரவாதியின் நெருப்பு உருண்டைக்குப் பெரிய கவண் பொறியின் அளவு, மின்னலுக்கு பீரங்கியின் அளவு. அப்புறம் அவை தனியாக வளர்ந்து இரண்டு ஜாதியாகப் பிரிந்தன. சில மந்திரங்களுக்கு எறிபவன் பகடை உருட்டி, எதிரியின் கவசத்தைத் தாண்ட வேண்டும். சிலவற்றுக்கு எதிரிதான் உருட்டித் தப்பிக்க வேண்டும். நெருப்பு உருண்டை இரண்டாவது ஜாதி. தப்பினாலும் பாதி சூடு உண்டு. இது நல்ல யோசனை. கடைசி நிமிஷத்தில் தன் விதியைத் தானே உருட்டுகிற உரிமை, அடி வாங்குபவனுக்குக் கிடைக்கிறது.

ஆனால், எழுதிய விதம்? 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருப்பவனுக்கு இரண்டு சலுகைகள். ஒன்று, சாதாரணமாக அவனைப் பார்க்க முடியாது. இரண்டு, அவனை அடிக்கப் போகிறவனின் உருட்டல் பலவீனமாகும். இரண்டும் தனித்தனி வரிகள். அதனால், மறைந்தவரைப் பார்க்கும் மந்திரத்தைப் போட்டுக்கொண்டு அவனை நட்ட நடுவே பளிச்சென்று பார்த்தாலும், அச்சில் உள்ளபடி இரண்டாவது வரி அப்படியே நிற்கும்! அதையும் விட்டுக்கொடுக்காமல் வாதாட ஆட்கள் இருந்தார்கள். 2024-ல் புதுப்பித்த புத்தகத்தில், உன்னைப் பார்க்கிறவனிடம் இந்தச் சலுகை செல்லாது என்று சேர்த்தார்கள். ஒரு வாக்கியம், பத்து வருஷம்.

நான் படித்தது பி.காம். இன்ஷூரன்ஸ் பாலிசியில் வாசகம் இரண்டு அர்த்தம் கொடுத்தால், எழுதிய கம்பெனிக்கு எதிராகத்தான் அர்த்தம் பண்ண வேண்டும் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். ஒரகடத்து மேஜையில் கம்பெனி இல்லை. கம்பெனிக்கு பதிலாக உட்கார்ந்திருப்பவர் நடுவர்தான். புத்தகத்தின்படி அவர் சொன்னது சரி, சந்தேகமே இல்லை. ஆனாலும், போன மாதம் விட்டுக்கொடுத்ததை நம்பித்தான் பையன் வலையை வீசினான். 'இதைப் போட்டால் அது கழன்றுவிடும், பரவாயில்லையா?' என்று வலைக்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். என் கணக்கில் அந்தப் பெண்ணின் பாத்திரம் செத்திருக்கக் கூடாது. இந்திரஜித் மேலும் எனக்கு இதே குறைதான். ரூல் அவனுக்குத் தெரியும். கயிறு எடுக்க ஓடுகிறவர்களிடம் 'தொடாதீங்கடா' என்று முதலிலேயே சொல்வதற்கு என்ன?

குருக்ஷேத்திரத்தில் கிருஷ்ணன் சொன்னார். துரோணர் செத்த ஆத்திரத்தில் அஸ்வத்தாமன் நாராயணாஸ்திரத்தை விடுகிறான். எதிர்க்க எதிர்க்க வலுக்கிற அஸ்திரம் அது. ஆயுதத்தைப் போட்டுவிட்டு வண்டியை விட்டுக் கீழே இறங்குங்கள், ஒன்றும் பண்ணாது என்று சேனை முழுவதற்கும் கேட்கும்படி கிருஷ்ணன் அறிவித்தார். எல்லோரும் இறங்கினார்கள், பீமனைத் தவிர. அவனைக் கிருஷ்ணனும் அர்ஜுனனும் ஓடிப்போய்த் தேரிலிருந்து இழுத்துப்போட வேண்டியிருந்தது. அஸ்திரம் அடங்கியது. பார்த்துக்கொண்டிருந்த துரியோதனன், இன்னொரு தடவை அதையே விடு என்றான். முடியாது, திரும்ப அழைத்தால் விட்டவனையே கொன்றுவிடும் என்றான் அஸ்வத்தாமன். அந்த ரூல் துரியோதனனுக்கு அப்போதுதான் தெரிந்தது.