கோஷியென் கோஷ்டி கானம்

பேஸ்பால் ஆட்டத்தை அறிந்துகொள்ள விதிநூல் ஒன்று போதும். அதை அநுபவிப்பதற்கோ ஒரு கூட்டத்தில் போய்ச் சேர வேண்டும். இதனை, ஜப்பானில் ஒஸாகாவுக்கும் கோபேக்கும் இடையேயுள்ள நிஷினொமியா நகரில் 1924-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் திறக்கப்பட்ட கோஷியென் மைதானத்தைப்போல் தெளிவாக உணர்த்தும் இடம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வெளிச்சுவரில் பசுங்கொடி படர, உள்ளே கரிய மண் பரப்பிய அந்தப் புராதன அரங்கில் ஹன்ஷின் டைகர்ஸ் அணி ஆடும் மாலைகளில், வலப்புற வெளிக்கூடத்தில் மஞ்சளும் கறுப்பும் அணிந்து நெருங்கி நிற்கும் ஆயிரக்கணக்கான ஜனங்கள் ஒரு மகா சங்கீத கோஷ்டியாகவே கூடுகிறார்கள்.

முக்கியமான ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் தனிப்பாட்டு உண்டு. அவர் மட்டையோடு வந்து நின்றதும், எக்காளமும் பேரிகையும் வைத்திருப்போர் எடுப்பை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பிளாஸ்டிக் மெகாபோன்கள் இரண்டை ஒன்றோடொன்று தட்டித் தாளமிட்டபடி, அவர் ஆடி முடிக்கும்வரை அதையே திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள். ஓட்டக்காரர் இரண்டாவது, மூன்றாவது பேஸை எட்டிவிட்டாலோ, தனிப்பாட்டு நின்று, அத்தருணத்துக்கென்றே அமைந்த உக்கிரமான மெட்டொன்று எழுகிறது. புதிதாக வந்த இளைஞருக்குப் பொதுவான மெட்டுத்தான். தமக்கென ரஸிகர்கள் ஒரு பாட்டை இயற்றித் தரும் நாள், அவர் வாழ்வில் ஒரு பட்டாபிஷேகம்.

முதன்முறை வருகிறவனை யாரும் பரீட்சிப்பதில்லை. பக்கத்திலிருக்கும் பெரியவர், தட்ட வேண்டிய இடத்தைக் கைஜாடையால் காட்டுவார். ஒன்பது பேரும் சுழற்சியாகவே மட்டை பிடிப்பதால், முதற்சுற்றில் அந்நியமாக ஒலித்த பாட்டு அடுத்த சுற்றில் நாவில் தானே வந்து நிற்கும். ஆட்டத்தின் அமைப்பே ஆசானாகிவிடும் இந்த விநோதம் என்னைப் பெரிதும் வசீகரிக்கிறது.

இவை யாவற்றினும் உயர்ந்ததாக நான் கருதுவது, எதிரணி மட்டை பிடிக்கையில் இவர்களுடைய எக்காளங்கள் அடங்கிவிடுவதை. இடப்புற மூலையில் அமர்ந்த சிறு கூட்டம் அப்போது தன் பாட்டைப் பாடும். பதினாயிரக்கணக்கானோர் நடுவில் அந்த முறை அதற்கு மறுக்கப்படுவதில்லை. எதிரியின் கானத்துக்கும் இடம்விடும் இவர்களை ஸஹ்ருதயர் என்று அழைக்கத் தயங்க மாட்டேன்.

வெற்றி கிட்டினால், ரொக்கோ மலையிலிருந்து இறங்கிவரும் காற்றின் பெயரால் வழங்கும் அணிகீதம் முழங்கும். 1936-இல் அதற்கு இசையமைத்த யூஜி கொஸெகியே, பிற்காலத்தில் பரம வைரியான டோக்கியோவின் யொமியூரி ஜயண்ட்ஸ் அணிக்கும் 1963-இல் ஒரு கீதம் இயற்றினார். அந்த ஜயண்ட்ஸுக்கு எதிராக 1985 ஏப்ரல் 17 அன்று ராண்டி பாஸ், ககெஃபு, ஒகடா ஆகிய டைகர்ஸ் ஆட்டக்காரர் மூவரும் அடுத்தடுத்து மைய வெளிக்கூடத்துக்கே ஹோம் ரன் அடித்த கதையைப் புதியவர்களுக்குச் சொல்லாமல் எந்தப் பெரியவரும் விடுவதில்லை. அவ்வாண்டுதான் அணி முதன்முதலாக, தேசியப் பட்டத்துக்கான ஜப்பான் ஸீரிஸை வென்றது. அடுத்த வெற்றிக்கு 38 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. இடையில் கடைசி இடத்தில் கிடந்த வருஷங்கள் பல. அப்போதும் பாட்டு நிற்கவில்லை. 2023-இல் ஒரிக்ஸ் அணியை வென்று மீண்டும் பட்டம் பெற்றபோது, அந்த மூவரில் ஒருவரான ஒகடாவே மானேஜராக இருந்தார். 1985-ஐக் கண்ணாரக் கண்டவர்களும் அதைக் கதையாகவே கேட்டு வளர்ந்தவர்களும் ஒரே கீதத்தைச் சேர்ந்து பாடினார்கள்.