நாற்காலியில் உட்கார்ந்த படம்

செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்கள் ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். சக்கிலிதுர்க்கம் என்றொரு குன்றும் அங்கே உண்டு. அந்தப் பக்கம் அதிகம் பேர் திரும்புவதில்லை. 2025இல் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகும் இதே கதைதான். எது படத்துக்குரியது என்பதை யாரோ முன்கூட்டியே முடிவு பண்ணிவிடுகிறார்கள். அப்படி முடிவு பண்ணியவர்களில் நானும் ஒருவன்.

கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு காலனி. சுடுகாட்டுப் பாதைப் பிரச்சினை. துண்டறிக்கைக்குப் படம் வேண்டுமென்று போயிருந்தோம். ஓர் அம்மாவைக் குடிசை வாசலில் குத்துக்காலிட்டு உட்காரச் சொன்னோம். "இருங்கப்பா, நல்ல படம் ஒண்ணு இருக்கு" என்று உள்ளே போய்ச் சட்டம் போட்ட ஸ்டூடியோ படத்தைக் கொண்டுவந்தார். பின்னால் மாடிப்படி வரைந்த திரை. வீட்டுக்காரர் நாற்காலியில், கால்மேல் கால் போட்டு. பக்கத்து நாற்காலியில் இந்த அம்மா. பவுடர் அப்பின இரண்டு பிள்ளைகள். மேஜைமேல் ஒரு டெலிபோன். ஒயர் எங்கேயும் போகவில்லை.

"இதுல பிரச்சினை தெரியலையேம்மா" என்றேன்.

"அழுதாத்தான் நம்புவீங்களா?"

துண்டறிக்கையில் வந்தது குத்துக்காலிட்ட படம்தான்.

இந்தத் தேர்வுக்கு வம்சாவளி உண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் மனிதர்களின் மூக்கை அளந்தார், படமெடுத்தார். 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அங்கே முகத்துக்கு ஆள் பேர் வேண்டியிருக்கவில்லை, சாதிப் பேர் போதுமாயிருந்தது. 1850இல் தென் கரோலினாவில், ஹார்வர்ட் பேராசிரியர் அகாசிஸுக்காக ஜீலி என்ற ஸ்டூடியோக்காரர், ரெண்டி, டெலியா முதலிய கறுப்பின அடிமைகளை உடை களைந்து எடுத்ததும் இதே காரியம்தான். நம் நோக்கம் வேறு, சரி. உடம்பை உட்காரவைத்த விதம்?

1900 பாரீஸ் கண்காட்சிக்கு டுபாய்ஸ் அனுப்பிய ஆல்பங்களில் 363 படங்கள். ஜார்ஜியாவின் கறுப்பர்கள்: கோட்டு போட்ட ஆண்கள், உடைநேர்த்தியோடு பெண்கள், குழந்தைகள். நடுத்தர வர்க்கக் கனவு என்று இதை ஒதுக்கலாம், முழுக்கத் தப்புமில்லை. ஆனால் கறுப்பர்களை மரத்தில் தொங்கவிட்டு அதைப் படமெடுத்துத் தபால் அட்டையாக விற்ற நாடு அது. அந்த அட்டைகளுக்கு எதிரே வைத்துத்தான் இந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும். ஹார்லமில் ஜேம்ஸ் வான் டெர் ஜீயும் வரைந்த திரைகளின் முன்னால்தான் குடும்பங்களை உட்காரவைத்தார்.

நம்மூர்த் திரையை மட்டும் 'போலி' என்று சிரிக்கிறோம். எது போலி? ஊர்த் தெருவில் செருப்பு போட முடியாது, டீக்கடை பெஞ்சில் உட்கார முடியாது. காசு கொடுத்தால் நாற்காலி கிடைத்த இடம் ஸ்டூடியோ. அந்தப் படத்தில் பொய் எதுவென்று கேட்டால் பவுடரைச் சொல்வேன். வெளுப்பு மோகம் அங்கேயும் நுழைந்துவிட்டது. நாற்காலி பொய்யில்லை. அதில் அவர்கள் உட்கார்ந்தார்கள்.

மதுரைப் பக்கம் வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன் 2020 ஊரடங்கில் ஊர் திரும்பித் தன் தலித் குடும்பத்தையே படமெடுக்க ஆரம்பித்தார். எடுக்கிறவர் வீட்டு ஆள். படத்திலிருப்பவர்கள் எதையும் யாருக்கும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் துண்டறிக்கைக்கு இப்படியொரு எண்ணமே தோன்றியிருக்காது. வறுமையைப் படமெடுக்கத் தெரிந்த நமக்குக் குடும்பத்தைப் படமெடுக்கத் தெரியவில்லை.

அந்த ஸ்டூடியோ படம் அம்மா வீட்டுச் சுவரில் அம்பேத்கருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அவரும் கோட்டு சூட்டோடுதான் இருக்கிறார். அவரிடம் யாரும் பிரச்சினை தெரியலையே என்று கேட்டதில்லை. போன மாதம் போயிருந்தபோது, இந்தக் கட்டுரையோடு போட அந்தப் படத்தைத் தருவீர்களா என்று கேட்டேன்.

"இப்ப எதுக்கு?" என்றார். தரவில்லை.