மீனுக்குள் ஒரு நடை

சீனாவின் செங்டு நகரில் ஆற்றங்கரையோரம் 1998-இல் திறக்கப்பட்ட உயிர்நீர்ப் பூங்காவை மேலிருந்து பார்த்தால் ஒரு மீன் படுத்திருக்கும். அமெரிக்கக் கலைஞர் பெட்ஸி டேமன் உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து உருவாக்கியது. நடந்து போகிறவர் கண்ணுக்கு மீன் தெரியாது. அவர் மீனுக்குள் இருக்கிறார். ஆற்றிலிருந்து எடுத்த அழுக்குத் தண்ணீரும் அவரோடு கூடவே வருகிறது.

முதலில் மீனின் கண். அது ஒரு படிவுக் குளம். தண்ணீரைச் சும்மா நிற்க விடுவதுதான் அங்கே நடக்கும் வேலை. மண்ணும் கசடும் அடியில் தங்கும். காற்றே வேண்டாத நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்னும். பல சுத்திகரிப்பு நிலையங்களிலும் நடப்பதுதான், ஆனால் அவற்றில் அது கம்பிவேலிக்கு அப்பால் நடக்கும்.

அடுத்து வருவதுதான் எனக்கு மிகப் பிடித்த இடம். படிப்படியாக இறங்கும் கல் தொட்டிகள். ஆங்கிலேயச் சிற்பி ஜான் வில்க்ஸ் 1970-இல் கண்டறிந்த வடிவம் இது. உள்ளே விழும் தண்ணீர் நேராக ஓடாது. இடப்பக்கம் ஒரு சுற்று, வலப்பக்கம் ஒரு சுற்று என்று எட்டுப் போட்டுவிட்டு, தொட்டில் ஆடுவது போன்ற ஒரு தாளத்தோடு அடுத்த தொட்டிக்குத் தாவும். ஒவ்வொரு புரளலிலும் கொஞ்சம் காற்றை வாங்கிக்கொள்ளும். நிலையங்களில் ப்ளோவர்கள் இரைந்து இரைந்து ஊட்டும் அதே பிராணவாயுவை இங்கே கல்லின் வளைவு ஊட்டுகிறது. அறிவிப்புப் பலகை எதற்கு? இரண்டு நிமிடம் நின்று பார்த்தாலே போதும்.

பிறகு செதில்கள்: தட்டுத்தட்டான பாத்திகளில் நாணல், தாமரை. பார்வைக்குத் தோட்டம்தான். பாடுபடுவதோ, வேர்களில் வழவழப்பாக ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்க் கூட்டம். பெயரைத் தாமரை வாங்கிக்கொள்கிறது! கடைசியில் மீன்கள் நீந்தும் குளம், பிள்ளைகள் கால் நனைக்கும் ஓடை, மறுபடி ஆறு.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. 1995-இல் டேமன் இதே ஊரில் நடத்திய கலை நிகழ்வில், யின் ஷியூஜென் என்ற சீனக் கலைஞர் ஆற்றின் அழுக்கு நீரையே பனிக்கட்டிப் பாளங்களாக உறையவைத்துக் கரையில் அடுக்கினார். வழியில் போனவர்கள் கையில் பிரஷ்ஷையும் நல்ல தண்ணீரையும் கொடுத்து, ஆற்றைக் கழுவச் சொன்னார். தேய்க்கத் தேய்க்கக் கட்டி கரைந்ததே தவிர, அழுக்கு எங்கே போகும்? அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் பூங்கா மண்ணிலும் கல்லிலும் எழுதியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

நாளொன்றுக்குச் சுமார் 200 கன மீட்டர்தான் இங்கே சுத்தமாகிறது. ஆற்றின் அளவுக்கு அது ஒரு மடக்கு. அதைக் குறை என்பேனா? மாட்டேன். இதையே பெரிய நிலையமாகக் கட்டியிருந்தால் வாசலில் காவலாளி நின்றிருப்பார், பிள்ளைகளை ஓடைப்பக்கமே விட்டிருக்க மாட்டார்.